இட்லி என்னய்யா பாவம் பண்ணுச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து முத்யால மடுவுக்குப் போயிருந்தோம். ஆனேக்கல்லில் இருந்து ஐந்து கிலோமீட்டர்தான். காலை டிபன் அவரவர் டப்பாவில். பதினோரு குடும்பம். ஒரு டப்பாவில்கூட இட்லி இல்லை! ஓட்ஸ் உப்புமா, ஓட்ஸ் கஞ்சி, ப்ரவுன் பிரெட், சியா விதை ஊறப்போட்ட ஏதோ ஒன்று. "இட்லியா? அதெல்லாம் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார். வெறும் கார்ப்" என்றார் ஒரு மதுரைக்காரர். சொல்லிவிட்டுக் கையில் இருந்த மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் நீட்டினார்.

அந்தக் கடுப்பில் எழுதுவதுதான் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. டயட்டீஷியனும் இல்லை. பி.காம் படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேலாக பேங்கில் ஆணி பிடுங்குகிறவன். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. சாயங்காலம் கணக்கு டேலி ஆகவில்லை என்றால், எந்த வவுச்சர் விட்டுப் போச்சு என்று தேடுவது. எடை விஷயத்தில் நாம் எல்லாரும் செய்கிற தப்பு என்னவென்றால், ஒரே ஒரு வவுச்சரை, அதாவது காலை டிபனை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அதையே திருப்பித் திருப்பி ஆடிட் செய்கிறோம். மீதி நாள் முழுக்க எழுதாமலே போகிறது.

என் கதையையே சொல்கிறேன்.

சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். புரமோஷனோடு இந்தப் பக்கம் தூக்கிப் போட்டார்கள். அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடுதான். ஆனால் எங்கள் அம்மா இருக்கிற தமிழ்நாட்டுக்கு ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும். வந்த இரண்டாவது வருடம் மெடிக்கல் செக்கப். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ, இடுப்பு 101 செ.மீ., மூன்று மாத சர்க்கரை சராசரி 6.2. உயரத்துக்கும் எடைக்குமான பி.எம்.ஐ. கணக்கு போட்டால் 29.8 வருகிறது. நம் ஊர் உடம்புக்கு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் உடல்பருமன் என்று வைத்திருக்கிறார்கள். இடுப்பு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 5.7ல் இருந்து 6.4 வரை வாசல்படி, 6.5 ஆனால் வீட்டுக்குள்ளே வந்தாச்சு. நான் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அப்பா சர்க்கரையில் கால் விரல் இரண்டை இழந்தவர். அதனால் எனக்கு இது விளையாட்டு இல்லை.

இது என் ஒருத்தன் கதையும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. ஆண்களில் 37. நாம் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் வரும்போது இதையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு வருகிறோம்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் நானும் என்ன செய்தேன்? மதுரைக்காரர் செய்ததையேதான். இட்லிக்கு தடா. ஓட்ஸ் வந்தது. தங்கமணிக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷமும் இருந்தது என்று வையுங்கள். இந்த ஊர் குளிரில் மாவு புளிக்காது. பெங்களூர் சுற்றுவட்டாரமே கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் ராத்திரியில் 15 டிகிரிக்குப் போய்விடும். எங்கள் ஊரில் சாயங்காலம் அரைத்து வைத்தால் விடியும்போது பாத்திரத்தை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கும் மாவு, இங்கே கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். கம்பளி சுற்றி, குக்கருக்குள் வைத்து, அவள் படாத பாடு இல்லை. ஓட்ஸுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

நாலு மாதம் ஓட்ஸ். எடை? 84ல் இருந்து 84.6!

அன்றைக்குத்தான் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். (நாம் கலோரி என்று சொல்வது எல்லாமே கிலோ கலோரி. மாவுச்சத்து, புரதம் கிராமுக்கு 4. கொழுப்பு கிராமுக்கு 9. இது தெரிந்தால் போதும், மீதி கூட்டல் கழித்தல்தான்.)

என் ஓட்ஸ் கிண்ணம்: ஓட்ஸ் 40 கிராம், 150. பால் 200 மில்லி, 120. "சர்க்கரைதானே கூடாது" என்று ஊற்றிய ஒரு கரண்டி தேன், 60. வாழைப்பழம் 100. பத்து பாதாம், 70. ஆக மொத்தம் 500.

நான் விட்டொழித்த இட்லி: நாலு இட்லி, ஒன்றுக்கு 60 என்று தாராளமாகப் போட்டாலும் 240. சாம்பார் ஒரு கிண்ணம் 80. தேங்காய் சட்னி இரண்டு கரண்டி 70. மொத்தம் 390.

அதாவது உடம்பு குறைக்கிறேன் என்று தினமும் 110 கலோரி அதிகமாகச் சாப்பிட்டிருக்கிறேன். பரம திருப்தியோடு!

ஓட்ஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில் நார்ச்சத்து இருக்கிறது, நல்ல தானியம்தான். ஆனால் "ஓட்ஸ் சாப்பிட்டால் எடை குறையும், இட்லி சாப்பிட்டால் ஏறும்" என்பது கணக்கு இல்லை, விளம்பரம்.

காலை டிபன்தான் ஒரு நாளின் மிக முக்கியமான சாப்பாடு என்று எல்லாரும் சொல்கிறோமே, அதன் பழைய தடம் ஒன்று எங்கே இருக்கிறது தெரியுமா? 1917ல் அமெரிக்காவில் 'குட் ஹெல்த்' என்ற பத்திரிகையில் லென்னா கூப்பர் என்கிற அம்மா எழுதியது. அந்தப் பத்திரிகைக்கு ஆசிரியர் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக். தம்பியோடு சேர்ந்து தானிய அவல் கண்டுபிடித்தவர். தம்பி அதை விற்க 1906லேயே கம்பெனி ஆரம்பித்துவிட்டார். அந்தக் கம்பெனி 1994ல் இந்தியாவுக்கு வந்தபோது நம்மவர்கள் சூடான பாலை ஊற்ற, அது கூழாகிப்போக, ஆரம்பத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. நிர்வாகவியல் படிப்புகளில் இதை இன்றைக்கும் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். இன்றைக்கு நம் அபார்ட்மெண்டைப் பார்த்தால் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, விட்டுப்போன வவுச்சர்களுக்கு வருவோம். ஒரு வாரம், வாயில் போட்டது ஒன்று விடாமல் டைரியில் எழுதினேன்.

காப்பி, டீ நாளைக்கு நாலு. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 40 கிராம். சர்க்கரை மட்டுமே 160 கலோரி. உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று 2015லேயே சொல்லிவிட்டது. நான் அதைக் காப்பியிலேயே தாண்டிவிட்டேன்.

பதினோரு மணிக்கு கவுண்டருக்குப் பின்னால் வரும் டீயோடு இரண்டு க்ரீம் பிஸ்கட். 100. லோன் சாங்ஷன் ஆன சந்தோஷத்தில் வாடிக்கையாளர் நீட்டும் மைசூர்பாக் ஒரு துண்டு, 200. (வாரத்துக்கு இரண்டு லோனாவது சாங்ஷன் ஆகும்.) சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டு போண்டா. ராத்திரி டிவி முன்னால் ஒரு கை மிக்சர், ஒரு கை என்பது எங்கள் வீட்டில் 50 கிராம், 270 கலோரி.

அடுத்தது எண்ணெய். இதை யாருமே எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் நாலு பேர். மாதம் ஐந்து லிட்டர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு நாளைக்கு 38 கிராம், 340 கலோரி. அப்படியே குடிக்கச் சொன்னால் குடிப்போமா? ஆனால் தோசைக்கல்லில், பொரியலில், தாளிப்பில் ஊற்றினால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கண்ணுக்குத் தெரிவது வெள்ளையாக, உருண்டையாக, ஆவி பறக்கத் தட்டில் உட்கார்ந்திருக்கும் இட்லிதான். பாவம், அதன் மேலே பழி!

இங்கே இரண்டு பேர் கேள்வி கேட்பீர்கள், தெரியும்.

முதல் ஆள்: "அப்போ காலை டிபனையே விட்டுட்டா? பதினாறு மணி நேர விரதம் இருந்தா?" இதையும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2014ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், எடை குறைக்க நினைத்த 309 பேரில் ஒரு பகுதியினரைக் காலையில் சாப்பிடச் சொன்னார்கள், இன்னொரு பகுதியினரைச் சாப்பிடாமல் இருக்கச் சொன்னார்கள். 16 வாரம் கழித்து எடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 2019ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இப்படிப்பட்ட 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் நாளைக்கு 260 கலோரி அதிகம் சாப்பிட்டிருந்தார்கள், சாப்பிடாதவர்கள் சராசரியாக 0.44 கிலோ குறைவாக இருந்தார்கள். அரைக் கிலோகூட இல்லை. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்று அவர்களே சொல்லியும் இருக்கிறார்கள். ஆகவே காலையில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் மந்திரம் இல்லை, சாப்பிடாமல் இருப்பதும் மந்திரம் இல்லை. பசிக்காத பெரியவர் விட்டால் விடலாம். பதினோரு மணிக்கு இரண்டு சமோசாவாக அது திரும்பி வராமல் இருந்தால் சரி. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிபனில் கைவைக்கவே கூடாது.

இரண்டாவது ஆள்: "ராகிக்கு மாறிடுங்க சார்." ஆனேக்கல்லில் இருந்துகொண்டு ராகியைக் குறை சொன்னால் ஊரை விட்டே துரத்துவார்கள். சுற்றிலும் ராகிக் காடுதான். ராகி அருமையான தானியம். நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், அரிசியில் அது கிடையாது. ஆனால் கலோரி? ராகி 100 கிராமுக்கு 320, அரிசி 356. இந்த வித்தியாசத்தை நம்பிக்கொண்டு இரண்டு உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன ஆகும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் 1,21,077 பேரிடம் எடுத்த ஆய்வு 2025ல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், அரிசிக்குப் பதில் கோதுமை, அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்கிறார்கள். மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் மாதிரியான புரதம் வந்தால்தான் பலன்.

இதையே எங்கள் கிளைக்குப் பயிர்க்கடனுக்கு வரும் ஒரு பெரியவர் ஒரே வரியில் சொன்னார். "முத்தே நல்லதுதான் சார். நாங்க தின்னுட்டு வயலுக்குப் போறோம், நீங்க தின்னுட்டு நாற்காலிக்குப் போறீங்க." (கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். நாற்காலியைக் காட்டியது மட்டும் மொழி தேவைப்படாத சைகை.)

இப்போது எழுதத் தயக்கமாக இருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

நான் ஓட்ஸில் தோற்றதும் பதினாறு மணி நேர விரதத்துக்கு மாறினேன். இரண்டு மாதம். வீட்டில் காலையில் ஒரே பிரசங்கம். இதில் இத்தனை கலோரி, அதில் அத்தனை கலோரி, தொப்பை, கொழுப்பு, எடை மெஷின். என் பெரிய பெண் பத்தாம் வகுப்பு. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டுதான் போவாள், காலியாகத்தான் திரும்பி வரும். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருந்து போன். காலை பிரார்த்தனையில் மயங்கி விழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 9.2. "காலைல என்னம்மா சாப்பிட்ட?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு அவள் என்னைப் பார்த்தாள். ஆறு வாரமாகக் காலையில் எதுவும் சாப்பிடவில்லையாம். டப்பாவில் இருந்தது தோழிகளுக்கு. "அப்பாவும்தானே சாப்பிடறதில்லை. நானும் குண்டாதானே இருக்கேன்" என்றாள். 48 கிலோ இருக்கிற பெண்!

இருபது வருடத்தில் எத்தனையோ கணக்கு பார்த்திருக்கிறேன். என் எடைக்கு எழுதின பற்றை என் பெண்ணின் கணக்கில் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை என்று அதே தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. வளர்கிற பிள்ளைக்கும் 84 கிலோ அப்பனுக்கும் ஒரே டயட் எப்படி ஆகும்?

நம் ஊரில் அரசாங்கம் 2022ல் மதுரையில் ஆரம்பித்து, 2023ல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காலை உணவு போடுகிறது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதால்தான். அங்கே கிராமத்துப் பிள்ளை பொங்கல் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறது. இங்கே நல்ல சம்பளம் வாங்குகிற நம் வீட்டுப் பிள்ளை, பெரியவர்கள் பேச்சைக் கேட்டுப் பட்டினியோடு பஸ் ஏறுகிறது. கேட்கவே கேவலமாக இல்லை?

இன்னொருத்தரையும் சொல்ல வேண்டும். தங்கமணி. எனக்கு ஓட்ஸ், பெரியவளுக்கு பிரெட், சின்னவனுக்கு தோசை என்று மூன்று சமையல் முடித்துவிட்டு, பத்தே முக்காலுக்கு நின்றுகொண்டே பையன் மிச்சம் வைத்த தோசையைத் தின்பாள். அது அவளுக்கு டிபன் கணக்கிலேயே வராது. "நான் காலைல ஒண்ணுமே சாப்பிடறதில்லைங்க, எனக்கு எப்படி வெயிட் போடுது?" என்று கேட்பாள். வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்று ராத்திரி தங்கமணி அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது. காலையில் எல்லாருக்கும் ஒரே டிபன், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து. தங்கமணியும் சேர்ந்துதான். அளவு மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. எனக்கு மூன்று இட்லி, ஆனால் சாம்பாரில் பருப்பும் காயும் கெட்டியாக ஒன்றரைக் கிண்ணம். பெரியவளுக்கு ஐந்து இட்லி, ஒரு முட்டை. சின்னவன் எத்தனை கேட்டாலும் கேள்வி கிடையாது. மாவு புளிக்காத வாரம் பாக்கெட் மாவு, அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்வதில்லை. வாரத்தில் இரண்டு நாள் ராகி தோசை, ருசிக்காக. எண்ணெய் ஐந்து லிட்டரில் இருந்து மூன்று லிட்டர். அதிலேயே தலைக்கு நாளைக்கு 135 கலோரி மிச்சம். காப்பியில் அரை ஸ்பூன் சர்க்கரை, அதில் 120. மிக்சர் வீட்டுக்குள் வருவதில்லை, 270. ஆக 525. இது என் கணக்கு. ராத்திரி எட்டு மணிக்குமேல் முக்கால் மணி நேரம் நடை.

பதினோரு மாதத்தில் 84ல் இருந்து 77. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற பாடப்புத்தகக் கணக்குப்படி 20 கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. கல்யாணம், கருமாதி, ஊருக்குப் போகிற லீவு என்று கசிவு உண்டு. போதாக்குறைக்கு உடம்பு இளைக்க இளைக்க அதன் செலவும் குறைந்துகொண்டே போகும். மாதம் ஐந்து கிலோ என்று போர்டு மாட்டுகிறவன் இதைச் சொல்ல மாட்டான். இன்னும் எனக்கு எடை அதிகம்தான், பி.எம்.ஐ. 27. ஆனால் சர்க்கரை 6.2ல் இருந்து 5.8. வாசல்படியில் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறேன். பெரியவளுக்கு மாத்திரையும் சாப்பாடுமாக ஹீமோகுளோபின் 11.8. எடை மெஷினை பரண் மேல் போட்டுவிட்டோம். மாதம் ஒருநாள் நான் மட்டும் இறக்கிப் பார்ப்பேன், அவள் இல்லாத நேரத்தில்.

ஆகவே மக்களே, இட்லியை விடுவதற்கு முன்னால் ஒரு வாரம் டைரி எழுதுங்கள். மாத எண்ணெயைத் தலைக்கு வகுத்துப் பாருங்கள். எடை குறைக்க வேண்டியது யாரோ அவர் கணக்கை மட்டும் எழுதுங்கள். பிள்ளைகள் காதில் விழும்படி கலோரி பேசாதீர்கள். அவர்கள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

போன வாரம் அம்மா போன் செய்திருந்தாள். எப்போதும் கேட்கிற கேள்விதான்: "ஏய்யா, காலைல என்ன சாப்பிட்ட?" நாலு மாதம் ஓட்ஸ், இரண்டு மாதம் விரதம் என்று இருந்தபோது பொய் சொல்லிச் சமாளித்தேன். இப்போது "இட்லிம்மா" என்றேன். "மாவு பொங்குச்சாய்யா?" என்றாள். கொஞ்சம் பொங்கியிருந்தது.

டிஸ்கி: கலோரி எண்கள் எல்லாம் வீட்டு அளவுக்கு உத்தேசம். உங்கள் வீட்டு இட்லி தட்டு இட்லி சைஸில் இருந்தால் நான் பொறுப்பில்லை!